குடியும் குடிசன மதிப்பும்

மட்டக்களப்பிலிருந்து தெற்கே செல்லும் கடற்கரை வீதியில் பெரியநீலாவணையைத் தாண்டியதும் ஊர்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளத் தொடங்குகின்றன. மருதமுனை முஸ்லிம்களின் ஊர். அடுத்த பாண்டிருப்பு தமிழரின் ஊர். பின்னர் இரு சாராரும் வாழும் கல்முனை. அதன் தெற்கே கல்முனைக்குடியும் சாய்ந்தமருதும் முஸ்லிம் ஊர்கள். காரைதீவு தமிழ் ஊர். நிந்தவூர் மீண்டும் முஸ்லிம் ஊர். ஒலுவில், பாலமுனை, அட்டாளைச்சேனை வழியாக அக்கரைப்பற்றை அடைந்தால், அங்கும் வீதியின் ஒரு பக்கம் அவர்கள், மறுபக்கம் இவர்கள். வழிப்போக்கன் ஒருவன் ஊரின் எல்லையை அறிய வேண்டுமாயின் கோயிற் கோபுரத்தையும் பள்ளிவாசல் மினாராவையும் பார்த்துத்தான் அறிய வேண்டும். வீட்டையும் வளவையும் பார்த்து அறிவது கடினம்.

அம்பாறை மாவட்டத்தின் பரப்பு ஏறத்தாழ 4,400 சதுர கிலோமீற்றர். 2012ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டின்படி அதில் வாழ்ந்தோர் சுமார் ஆறரை இலட்சம் பேர். இவர்களுள் ஏறத்தாழ ஓர் இலட்சம் பேர் கல்முனை மாநகர எல்லைக்குள், அதாவது கடலுக்கும் வயலுக்கும் இடையே பெரும்பாலும் ஒரு மைல் அகலத்தைக்கூடத் தாண்டாத ஒரு மணல்மேட்டின் மீதும் அதன் ஓரங்களிலும் வாழ்ந்தனர். மாவட்டத்தின் மேற்கே காடும் மேட்டுநிலமும் விரிந்து கிடக்க, கிழக்கே மட்டும் இத்தகைய நெருக்கடி ஏன்?

இக்கேள்விக்குச் சந்தியில் உடனே கிடைக்கும் விடை ஒன்றுண்டு. "அவர்கள் பெருகுகிறார்கள்" என்பதே அது. மேடையிலும் பத்திரிகையிலும் இதே விடை சற்றுப் பண்பட்ட சொற்களில் வரும். எண்களோ வேறு கதை சொல்லுகின்றன. இன்றைய மாவட்ட எல்லைக்குட்பட்ட நிலத்தில் 1911ஆம் ஆண்டில் முஸ்லிம்கள் நூற்றுக்கு 55 பேர். தமிழர் 37 பேர். சிங்களவர் 7 பேர். 1963இல் முஸ்லிம்கள் 46, தமிழர் 23, சிங்களவர் 29. 2012இல் முறையே 44, 17, 39. பெருகி ஊரை நிரப்புவதாகச் சொல்லப்பட்டவர்களின் விகிதம் நூறாண்டில் குறைந்திருக்கிறது. தமிழரின் விகிதம் பாதிக்கும் கீழே போயிருக்கிறது. ஆகவே நெருக்கடிக்குக் காரணத்தைத் தொட்டிலில் தேடிப் பயனில்லை. அதை வளவிலும் வயலிலும் தேட வேண்டும்.

முதலில் இம்மக்கள் இங்கு வந்த வகையைச் சிறிது நோக்குவோம். கிழக்குக் கரையில் அராபியரும் தென்னிந்திய முஸ்லிம் வணிகரும் போர்த்துக்கேயர் வருகைக்கு முன்னரே நடமாடினர். 1626ஆம் ஆண்டளவில் போர்த்துக்கேயர் தம் ஆட்சிப் பகுதியிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது, கண்டி மன்னன் செனரத் அவர்களுள் சுமார் நாலாயிரம் பேரை மட்டக்களப்புப் பகுதியில் குடியேற்றினான் என்பது வரலாற்று நூல்களில் பதிவாகிய செய்தி. உள்ளூர் மரபு வேறொன்று கூறும்: முக்குவருக்கும் திமிலருக்கும் நடந்த சண்டையில் பட்டாணியர் எனப்பட்ட முஸ்லிம்கள் முக்குவர் பக்கம் நின்றனர், வென்றபின் அவர்களுக்குப் பெண்ணும் நிலமும் கொடுக்கப்பட்டன. 1962இல் எப். எக்ஸ். சி. நடராசா பதிப்பித்த 'மட்டக்களப்பு மான்மியம்' முதலிய ஏடுகளில் இத்தகைய மரபுரைகள் பல உண்டு. இவற்றை அப்படியே வரலாறென்று கொள்வதற்கில்லை. ஆனால் கதையின் உள்ளே ஓர் உண்மை இருக்கிறது. வந்தவர்கள் ஆண்கள், நிலமும் வீடும் இவ்வூர்ப் பெண்களிடம் இருந்தன, வந்தவன் பெண்ணின் வீட்டுக்கு மாப்பிள்ளையாகப் போனான். அந்த ஏற்பாடு அவர்களின் சந்ததியாரிடம் இன்றுவரை அழியவில்லை.

அதற்குக் கண்கண்ட சான்று 'குடி' முறையாகும். இங்கே குடி என்பது சாதியுமன்று, குடும்பமுமன்று. அது தாய்வழிக் குலம். பிள்ளை தாயின் குடியைச் சேரும். ஒரே குடிக்குள் மணமுடிப்பது விலக்கு. மட்டக்களப்புத் தமிழரிடையே உலகிப்போடி குடி, கலிங்க குடி என்பன போல, முஸ்லிம்களிடையேயும் வரிசைநாச்சி குடி, இராசாத்தி குடி என்று பெண்பாற் பெயர் தாங்கிய குடிகள் உண்டு. தமிழ்க் கோயிலில் குடிக்கொரு வண்ணக்கர் இருந்து திருவிழா உரிமையைக் காப்பது போலவே, பள்ளிவாசலில் குடிக்கொரு மரைக்கார் இருந்து அதன் நிருவாகத்தை நடத்தினார். கோயிலும் பள்ளியும் வேறு. அவற்றைத் தாங்கிய சமுதாயக் கட்டு ஒன்றே. 1956ஆம் ஆண்டின் வக்பு சட்டத்தின் பின்னர் பள்ளிவாசல் நம்பிக்கைப் பொறுப்பாளரை அரசில் பதிவுசெய்யும் முறை வந்தது. அதற்குப் பின்னரும் பல ஊர்களில் மரைக்கார் மரபு மறையவில்லை. 1969 முதல் அக்கரைப்பற்றில் தங்கி ஆராய்ந்த அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே, 2008இல் வெளியிட்ட தம் பெருநூலில் இவ்விரு சமூகங்களையும் ஒருசேர வைத்தே எழுதினார். நம்முடைய பாடநூல்கள் இன்னும் அவற்றை வெவ்வேறு அத்தியாயங்களில் வைத்திருக்கின்றன.

சட்டம் இம்முறையை இருமுறை எதிர்கொண்டது. முக்குவர் சட்டம் எனப்பட்ட தாய்வழி உரிமை வழக்கு 1876ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தால் வழக்கொழிந்தது. அதே ஆண்டில் பிறிற்றோ அவ்வழக்கைப் பற்றி ஒரு நூல் எழுதினார். பின்னர் 1931ஆம் ஆண்டின் முஸ்லிம் மரணசாசனமில்லா உரிமைச் சட்டம், ஒருவர் இறந்தபின் அவருடைய சொத்தை இஸ்லாமிய முறைப்படி பகிர வகுத்தது. அம்முறையில் மகனின் பங்கில் பாதியே மகளுக்கு. ஆனால் இச்சட்டம் செயற்படத் தொடங்குமுன்னரே, தந்தை உயிருடன் இருக்கும்போதே, வீடும் வளவும் கலியாணத்தின்போது மகளின் பெயருக்கு நன்கொடை உறுதியாக எழுதப்பட்டு விடுகின்றன. இறந்தபின் பகிர வீடு இருப்பதில்லை. சட்டம் தந்தைவழியாகவும் உறுதி தாய்வழியாகவும் ஓடியதே கிழக்குக் கரையின் குடும்ப வரலாறு எனலாம்.

இதன் விளைவைக் கணக்கிட்டுப் பார்ப்போம். ஒரு தாயிடம் கால் ஏக்கர், அதாவது நாற்பது பேர்ச் வளவு இருப்பதாகக் கொள்வோம். அவளுக்குப் பெண்மக்கள் நால்வர். மூத்தவளின் மணத்தின்போது பெரிய வீடு அவளுக்குப் போகிறது. பெற்றோர் அதே வளவில் ஒரு சிறிய குடிலைப் போட்டுக்கொண்டு ஒதுங்குகின்றனர். அடுத்தவளுக்கு அடுத்த வீடு. பெற்றோர் மறுபடியும் ஒதுங்குகின்றனர். இப்படி நால்வருக்கும் பத்துப் பத்துப் பேர்ச். அவர்களுக்கு மும்மூன்று பெண்மக்கள் பிறந்தால், மூன்றாம் தலைமுறையில் ஒருத்திக்கு மூன்று பேர்ச்சுக்குச் சற்றே அதிகம். ஆண்மக்கள் எங்கே போனார்கள்? அவர்கள் வேறு வளவுகளில் இதேபோன்று சுருங்கிக்கொண்டிருக்கும் வீடுகளுக்கு மாப்பிள்ளைகளாகப் போய்விட்டனர். ஊரை விட்டுத் தூரம் போவதற்கு இம்முறையில் எவருக்கும் தூண்டுதல் இல்லை. பெண் தாயின் அருகிலும் சகோதரியின் அருகிலும் இருப்பாள். ஆண் அவள் இருக்குமிடத்துக்கு வருவான். காரைதீவிலும் பாண்டிருப்பிலும் தமிழர் வளவுகளும் இவ்வாறே துண்டாயின. மதம் இதற்குக் காரணமாயின் அங்கே இது நிகழ்ந்திருக்கலாகாது.

இம்முறையை மெச்சிப் பேசுவோரும் உளர், பழிப்போரும் உளர். பெண் தன் சொந்த வீட்டில் வாழ்கிறாள். கணவன் கோபித்தால் வெளியேற வேண்டியவன் அவனே. தென்னாசியாவின் பெரும்பகுதியில் பெண்ணுக்குக் கிட்டாத பாதுகாப்பு இது. ஆனால் அந்த வீட்டைக் கட்டுவதற்குத் தந்தையும் தமையனும் இளமையைத் தேய்க்கின்றனர். தமையனுக்குத் தங்கைகள் கரையேறும்வரை கலியாணமில்லை. 1970களின் பிற்பகுதி முதல் மத்திய கிழக்குக்குப் போனவர்களின் உழைப்பு பெரும்பாலும் இக்கரையில் செங்கல்லாகவும் சீமெந்தாகவுமே வந்து சேர்ந்தது. வீட்டுப் பணிப்பெண்ணாகப் போன தாய், பிறர் வீட்டைத் துடைத்து மகளுக்கு வீடு கட்டினாள். இவற்றின்மேல், மாப்பிள்ளை ரொக்கமாகக் கேட்கும் கைக்கூலியும் சேர்ந்தபோது சுமை தாங்கொணாததாயிற்று. சீதனத்தை ஒழிப்போம் என்று மார்க்க அறிஞரும் இளைஞரும் மஹரை எடுத்துக்காட்டிப் பேசுவது நியாயமே. எனினும் கைக்கூலியையும் பெண்ணின் வீட்டுரிமையையும் ஒரே கட்டாகக் கட்டிக் கடலில் எறியலாகாது. முன்னது மாப்பிள்ளையின் பேராசை. பின்னது பெண்ணின் நிலம்.

வளவின் கதை இது. வயலின் கதை வேறு. குடியிருப்பு நெருங்கிய அதே மணல்மேட்டின் மேற்கெல்லையில் கரைவாகு, நிந்தவூர், சம்மாந்துறை, அக்கரைப்பற்று ஆகிய பற்றுகளின் நெல்வயல்கள் கண்ணுக்கெட்டிய தூரம் விரிகின்றன. வீட்டை மகளுக்குக் கொடுத்தவர்களெல்லாம் வயலுக்கும் சொந்தக்காரர்கள் என்று எண்ணிவிடலாகாது. வயல் போடியாரின் கையில் இருந்தது. தமிழ்ப் போடியாரும் முஸ்லிம் போடியாரும் இருந்தனர். அவர்களிடையே விருந்தும் வழக்கும் இருந்தன. போடியாரின் கீழ் முல்லைக்காரன். அவனுக்குக் கீழ் வயற்காரர். முல்லைக்காரன் போகத்துக்குப் போகம் ஆள்சேர்த்து, வாடியில் தங்கி, விதைப்பு முதல் சூடடிப்பு வரை பொறுப்பேற்றான். களவெட்டியில் நெல் குவிந்தபின் விதைநெல்லும் கடனும் கழிக்கப்பட்டு எஞ்சிய பங்கே உழைத்தவன் வீட்டுக்குப் போனது. 1958ஆம் ஆண்டில் பிலிப் குணவர்த்தன கொண்டுவந்த நெற்காணிச் சட்டம் குத்தகையாளனுக்கு நிலைத்த உரிமையை வழங்க முயன்றது. நம் நாட்டு இடதுசாரி இயக்கத்தின் பெருமைக்குரிய செயல்களுள் ஒன்று அது. ஆனால் போகத்துக்குப் போகம் மாற்றப்படும் வயற்காரன், சட்டத்தின் கண்ணில் குத்தகையாளனா கூலியாளா? கூலியாளென்று சொல்லிவிட்டால் வேலை முடிந்தது. இக்கரையின் போடிமார் எதைச் சொல்லியிருப்பர் என்பதை ஊகிக்கப் பெரிய ஆராய்ச்சி வேண்டியதில்லை.

வயலற்றவர்கள் கரைவலை இழுத்தனர், மருதமுனையில் தறியில் அமர்ந்தனர், சிறுவணிகம் செய்தனர். இவர்களுக்குள்ளும் மேல்கீழ் உண்டு. இஸ்லாத்தில் சாதியில்லை என்பது மார்க்கத்தின் வாக்கு. ஆயினும் சவரமும் சுன்னத்தும் செய்த ஒஸ்தாமாரின் வீட்டில் பிறர் பெண்ணெடுக்கவில்லை. தமிழ் ஊர்களில் வேளாளர், முக்குவர், சீர்பாதர், கரையார் எனத் தொடங்கிப் பறையடிப்போர் வரை படிகள் எத்தனை என்பதை நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை.

வயலுக்கு அப்பால் மேற்கே இருந்த காட்டு நிலம் இந்நெருக்கடிக்கு வடிகாலாகியிருக்கக் கூடும். அவ்வாய்ப்பு 1949ஆம் ஆண்டில் வந்தது. வந்த வேகத்தில் கையைவிட்டும் போயிற்று. அவ்வாண்டு தொடங்கிய கல்லோயாத் திட்டத்தின்கீழ், தமிழர் பட்டிப்பளை ஆறு என்று அழைத்த நதி இங்கினியாகலையில் மறிக்கப்பட்டு, சேனாநாயக்க சமுத்திரம் உருவாயிற்று. கரையோர வயல்களும் அதனால் பயன்பெற்றன என்பதை மறைக்க வேண்டியதில்லை. வாய்க்காலின் கடைசியில் இருந்தமையால் நீர் கடைசியாகவே வந்தது என்பதையும் மறைக்கலாகாது. ஆனால் புதிதாகத் திறக்கப்பட்ட குடியேற்றங்களின் பெரும்பகுதி தெற்கிலிருந்தும் மலைநாட்டிலிருந்தும் கொண்டுவரப்பட்ட சிங்கள விவசாயிகளுக்கு வழங்கப்பட்டது. அவர்களும் நிலமற்ற ஏழைகளே. தம் ஊரின் நிலவுடைமையாளர் கைவிட்டவர்களே. அவர்களைப் பகைவராகக் காட்டுவது வரலாறாகாது. நிலச்சீர்திருத்தம் செய்ய விரும்பாத ஆளும் வர்க்கம், ஓரிடத்து ஏழையை மற்றோரிடத்து ஏழைக்கு முன்னால் நிறுத்தித் தன் காணியைக் காத்துக்கொண்டது என்பதே வரலாறு. 1956 யூன் மாதத்தில் கல்லோயாப் பள்ளத்தாக்கில் தமிழர் பலர் கொல்லப்பட்டனர். 1961இல் மட்டக்களப்பின் தென்பகுதி பிரிக்கப்பட்டு அம்பாறை மாவட்டமாயிற்று. மக்கள் செறிந்து வாழ்ந்த கரையில் அன்று, குடியேற்றத்தின் நடுவே எழுந்த அம்பாறை நகரில் கச்சேரி அமைந்தது. கல்முனையான் காணிக் கடிதத்துக்குத் தனக்குத் தெரியாத மொழி வழங்கும் அலுவலகத்துக்குப் பேருந்து ஏறினான்.

இனி எண்ணும் முறையைப் பற்றி ஒரு சொல். இலங்கையின் முதற் குடிசன மதிப்பீடு 1871இல் நடந்தது. அன்று முதல் மக்களை இனமாகப் பிரித்து நிரல் போடும் வழக்கம் வேரூன்றியது. சோனகர் யார் என்ற வினாவுக்கு 1888இல் பொன்னம்பலம் இராமநாதன் அவர்கள், மதத்தால் முஸ்லிம்களும் இனத்தால் தமிழரும் என்று விடையளித்தார். 1907இல் ஐ. எல். எம். அப்துல் அஸீஸ் அதை மறுத்து எழுதினார். அந்த விவாதத்தின் அடியில் கிடந்தது சட்டநிரூபண சபையில் ஓர் ஆசனம். இருவரில் எவரும் கிழக்கின் வயற்காரனிடம் போய், நீ யார் என்று கேட்டாரில்லை. கேட்டிருந்தால் அவன் தன் குடியின் பெயரைச் சொல்லியிருப்பான். குடிசன மதிப்பீட்டுப் படிவத்தில் குடிக்கு இடமில்லை. வளவு யார் பெயரில் இருக்கிறது என்பதற்கும் வயலுக்கு யார் சொந்தம் என்பதற்கும் இன நிரலில் இடமில்லை. போடியாரும் வயற்காரனும் ஒஸ்தாவும் ஒரே கட்டத்துக்குள் ஒரே எண்ணாக நிற்கின்றனர்.

அந்தக் கட்டங்கள் காலப்போக்கில் வேலிகளாயின. காரைதீவில் 1892இல் பிறந்த விபுலானந்த அடிகளும், இரண்டாம் உலகப் போரின்போது 1942இல் உணவுற்பத்திப் பணிக்காகக் கல்முனைக்கு உதவி அரசாங்க அதிபராக வந்த ஏ. எம். ஏ. அஸீஸ் அவர்களும் கல்விக்காகவும் தமிழுக்காகவும் உழைத்த நிலம் இது. கல்முனைக்குடியில் பிறந்த எம். ஏ. நுஃமான் 'கவிஞன்' என்ற இதழை இங்கிருந்தே நடத்தினார். 1956 தேர்தலில் கல்முனை, பொத்துவில் ஆகிய இரு தொகுதிகளிலும் தமிழரசுக் கட்சியின் வேட்பாளராக நின்ற முஸ்லிம்கள் வென்றனர். வென்றவர்கள் விரைவில் அரசு பக்கம் சாய்ந்தனர் என்பது வேறு. 1985இல் காரைதீவு எரிந்தது. 1990 ஆகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தோர் விடுதலைப் புலிகளால் கொல்லப்பட்டனர். அதே மாதத்தில் வீரமுனைக் கோயிலில் அடைக்கலம் புகுந்திருந்த தமிழர் கொல்லப்பட்டனர். ஒன்றைச் சொல்லி மற்றதை விழுங்குவோர் இரு பக்கத்திலும் உண்டு. கலந்து வாழ்ந்த ஓரங்கள் வெறுமையாயின. ஓடியவர்கள் தம் இனத்தார் செறிந்த ஊர்களுக்குள் ஒடுங்கினர். மூன்று பேர்ச் வளவில் இன்னும் ஒரு குடும்பம் வந்து தங்கியது.

2004 திசம்பர் 26ஆம் நாள் கடல் பொங்கியபோது இந்நெருக்கத்தின் விலை தெரிந்தது. இலங்கை மாவட்டங்களுள் மிகக் கூடிய உயிரிழப்பு அம்பாறையில்; பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, காரைதீவு என்று அலை ஊர் பார்க்கவில்லை. அடுத்த ஆண்டு அரசு வடக்கிலும் கிழக்கிலும் கடலிலிருந்து 200 மீற்றருக்குள் வீடு கட்டலாகாது என்று விதித்தது; தெற்கில் அந்த அளவு 100 மீற்றர். அகலமே ஒரு மைல் இல்லாத மேட்டில் 200 மீற்றரை விட்டால் எங்கே போவது? மேற்கே வயல், அது போடியாருடையது, அல்லது விலைக்கெட்டாதது. விதி பின்னர் தளர்த்தப்பட்டது.

புதிய வீடுகள் எழுந்த இடங்களில் வேறொரு தவறு நேர்ந்தது. படிவங்கள் 'குடும்பத் தலைவர்' யார் என்று கேட்டன. தலைவர் என்றால் ஆண் என்பது அலுவலகத்தின் வழக்கம். தாயிடமிருந்து மகளுக்கு வந்த வளவு கடலோடு போயிற்று. அதற்கு ஈடாகக் கிடைத்த வீடு பல இடங்களில் கணவனின் பெயரில் பதிவாயிற்று. 1876ஆம் ஆண்டின் சட்டத்தாலும் 1931ஆம் ஆண்டின் சட்டத்தாலும் அசைக்க முடியாத உரிமை ஒரு நிவாரணப் படிவத்தின் ஒரு வரியில் கைமாறியது. மனைவியை இழந்து மறுமணம் செய்தவனின் முதல் மனைவியின் பெண்மக்களுக்கு அந்த வீட்டில் இனி என்ன உரிமை என்று கேட்பார் இல்லை.

அக்கரைப்பற்றை அடுத்த நுரைச்சோலையில் சவூதி அரேபிய அரசின் நிதியில், கடலால் வீடிழந்த முஸ்லிம் குடும்பங்களுக்கென 500 வீடுகள் கட்டப்பட்டன. அவை ஓரினத்தாருக்கு மட்டும் உரியனவாகலாகாது என்று வழக்குத் தொடரப்பட்டது. 2009இல் உயர் நீதிமன்றம், வீடுகள் இன விகிதாசாரப்படி எல்லோருக்கும் பகிரப்பட வேண்டும் எனத் தீர்ப்பளித்தது. கடல் எந்த வளவை அள்ளிச் சென்றது என்ற கணக்கு ஒன்று. குடிசன மதிப்பீட்டின் விகிதக் கணக்கு மற்றொன்று. இரண்டாவதே நிலைத்தது. கூரையும் கதவும் பொருத்தப்பட்ட வீடுகள் குடியேறுவாரின்றிப் பல ஆண்டுகள் புதர் மண்டிக் கிடந்தன. அவற்றிலிருந்து சில மைல் தொலைவில், கரையோர வளவுகளில், பெற்றோர் தம் அடுத்த மகளுக்காகப் பின்புறத்துக் குடிலுக்கு ஒதுங்கிக்கொண்டிருந்தனர்.